கோயில் காளையை எட்டிப் பார்த்தவள்

என் கணவர் முகத்தைவிட அதிக நேரம் நான் உற்றுப் பார்த்திருப்பது காளை மாட்டின் விந்தணுக்களைத்தான். இதைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. "அதுங்க ஓடித் தப்பிச்சுக்கிச்சு, நான் மாட்டிக்கிட்டேன்" என்பார். கால்நடை இனப்பெருக்க ஆராய்ச்சியில் தலை நரைத்து, ஓய்வு பெற்று, இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கிறோம். தெருவுக்கு ஒரு கருத்தரிப்பு மையம் இருக்கிறது. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு கொழுகொழு குழந்தையின் படம். காலையில் நடக்கப் போனால் அத்தனை குழந்தைகளும் என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரிக்கின்றன.

நான் பார்த்த வேலை இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து தெருப் பெண்கள் என்னை நிறுத்தி யோசனை கேட்கிறார்கள். நான் மாட்டுக்குத்தானம்மா பார்த்தேன் என்றால், "எல்லாம் ஒண்ணுதானே மேடம்" என்கிறார்கள். ஒன்றில்லை. மாட்டுக்கு மாமியார் கிடையாது. இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை நான் ஒரே ஒரு நாளில் கற்றுக்கொண்டேன், அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் என் பழைய துறையில் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது என்று அழைத்துப் போய்க் காட்டினார்கள். ஒரு சொட்டு விந்தை வைத்தால் போதும். எத்தனை அணு, எத்தனை உயிரோடு இருக்கிறது, எது நேராக ஓடுகிறது, எது வட்டமடிக்கிறது என்று கணினியே சொல்லிவிடுகிறது. ஜூனியர்கள் கையுறை போட்டுக்கொண்டு தள்ளி நின்று திரையைப் பார்க்கிறார்கள். "இது இல்லாத காலத்துல என்ன மேடம் பண்ணீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "கண்ணால பாத்தோம்" என்றேன். அவள் பாவமே என்பது போல என்னைப் பார்த்தாள்.

கண்ணால் பார்ப்பது அப்படி ஒன்றும் சுலபமில்லை.

நான் சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்க்காரி. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் தறி, சேலை வியாபாரம். நான் ஒருத்திதான் படித்துத் தொலைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு என்ன வேலை?" என்று கேட்டால் என் அம்மா "ஆராய்ச்சி" என்று சொல்லி நிறுத்திவிடுவார். எதில் ஆராய்ச்சி என்று யாராவது தோண்டினால் காபி ஆறுகிறது என்பார். முதல் இரண்டு வருஷம் எனக்குச் சேவல்களோடு வேலை. சேவலை மடியில் வைத்து, முதுகிலிருந்து வால்வரை ஒரு தினுசாகத் தடவிக் கொடுத்தால் ஒரு சொட்டு கிடைக்கும். நாளடைவில் அந்தச் சேவல்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டன. நான் கோழிக் கொட்டகைப் பக்கம் போனாலே கம்பி வலைக்கு அருகே வந்து வரிசையாக நின்று முதுகைக் காட்டும். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் முன்னறிவிப்பு இல்லாமல் என்னைப் பார்க்கக் கொட்டகைக்கே வந்துவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

பிறகு மாட்டுக்கு மாற்றினார்கள். உறைய வைத்த விந்தைத் திரவ நைட்ரஜன் குடுவையில் போட்டு சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் கொண்டுபோவேன். மூடி இடுக்கில் வெள்ளைப் புகை வரும். ஒருநாள் கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா அது, பொகையுது?"

"காளைங்க."

"காளையா?"

"காளையோட விந்துங்க. ஒறைய வெச்சிருக்குது. இதுல நூத்துக்கணக்குல கன்னுக்குட்டி பொறக்குங்க."

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார். "பஸ்ஸுல கால்நடை ஏத்தப்படாதுங்களே."

"இன்னும் பொறக்கலீங்க."

"நாமக்கல் போறதுக்குள்ள பொறந்துராதுல்ல?"

பொறக்காது என்று சத்தியம் செய்த பிறகுதான் விசில் ஊதினார். என் பக்கத்து சீட்டிலிருந்த அம்மாள் மட்டும் நம்பவில்லை. நாமக்கல் வரும்வரை இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டே வந்தார்.

எங்கள் துறைத் தலைவர் மாரப்பன் சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் காளையைப் பற்றிச் சொல்ல முடியாது. காளைகளுக்கு அவர் "வாங்க, போங்க." எங்களுக்கு "ஏய்." காலையில் வந்ததும் முதல் கேள்வி, "ஐயா குளிச்சாச்சா?" ஐயா என்றால் அன்றைக்கு விந்து சேகரிக்க வேண்டிய காளை. முரட்டுக் காளை ஒன்று அவரை முட்டிச் சுவரோரம் தள்ளியபோதுகூட, "ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்றுதான் கத்தினார். காப்பாற்ற ஓடிய எங்களை, "ஏண்டா மசமசன்னு நிக்கறீங்க" என்று திட்டினார்.

விந்து என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர்கள் யாருமில்லை. அவருக்கு அது "பொருள்." பொருள் வந்துவிட்டதா, பொருள் கெட்டியா, பொருளுக்கு உயிர் இருக்கிறதா. அதைவிட வேடிக்கை, காளை எகிறிப் பொம்மைப் பசுவின்மேல் முன்னங்கால் போடும் அந்த ஒரு கணத்தில் சார் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். இனப்பெருக்கத் துறையின் தலைவர், இனப்பெருக்கம் நடக்கும்போது மட்டும் கூரை ஓட்டை எண்ணுவார். "ஆச்சா?" என்று கேட்டு, நாங்கள் ஆச்சு சார் என்ற பிறகுதான் தலையை இறக்குவார்.

ஆனால் வேலையில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. சேகரிக்கும் ரப்பர்க் குழாயில் ஊற்றும் வெந்நீரைத் தெர்மாமீட்டரில் பார்ப்பார். பிறகு அதை நம்பாமல், பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் விளாவும் தாயைப் போல முழங்கையை விட்டுப் பார்ப்பார். சொட்டை வைத்துப் பார்க்கும் கண்ணாடிச் சில்லு மாட்டின் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். சில்லு குளிர்ந்திருந்தால் நல்ல அணுவும் அப்படியே விறைத்து நின்றுவிடும். பார்ப்பவர் காளை மலடு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். காளை கசாப்புக்குப் போகும். "உன்ர கை குளிருக்கு ஒரு ஐயா சாவோணுமா?" என்று கேட்பார். ஒருவரை மலடு என்று சொல்வதற்கு முன்னால் சில்லைத் தொட்டுப் பார், தண்ணீரைத் தொட்டுப் பார், உன் கையைத் தொட்டுப் பார். அவர் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான், அதை வைத்துத்தான் நான் கடைசிவரை பிழைத்தேன்.

ஒரு மழைக்காலத்தில் திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து ஊர்க்கவுண்டர் எங்களைத் தேடி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை.

"கோயல் காளையக் கொஞ்சம் பாக்கோணுமுங்க" என்றார்.

"என்ன கோளாறுங்க?" என்று கேட்டேன்.

"கோளாறுன்னு சொல்லப்படாதுங்க. அம்மனுக்கு நேந்து உட்ட மாடு. அதுக்குக் கோளாறு வராது. கன்னு மட்டும் பொறக்கறதில்லீங்க."

விசாரித்தேன். அந்த ஊர் எல்லைக்குள் சினை ஊசி போடக் கூடாது. கோயில் காளைதான் எல்லா வீட்டுப் பசுவுக்கும். அது அம்மனுக்குக் கொடுத்த வாக்கு. ஐந்தாறு வருஷமாக ஒரு பசுவும் சினை பிடிக்கவில்லை. வாக்கும் தவறக்கூடாது, பாலும் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பசுக்களை வேனில் ஏற்றிப் பக்கத்து ஊர் மாமனார் வீடுகளுக்குக் கொண்டுபோய் அங்கே ஊசி போட்டார்கள். கன்றும் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தது. மொத்த ஊரின் கன்றுக்குட்டிகளும் மாமனார் வீடுகளில்தான் இருந்தன.

"அப்ப பசுவுல கொறையில்ல" என்றேன்.

"இல்லீங்க."

"காளையில?"

"சாமிங்களே. அதுல எப்படிங்க கொறை இருக்கும்?"

"பின்ன யார்கிட்டத்தான் கொறை?"

ஊர்க்கவுண்டர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "காளைக்குத் தீனி வெக்கற ஊட்டுல ஒரு மருமவ இருக்குதுங்க" என்றார். "அது வந்த வருசத்துலருந்துதான் இப்பிடி. அதுக்கும் புள்ள இல்லை. கோயல் காளைக்கும் கன்னு இல்லை. ஊரே பேசுதுங்க."

மாரப்பன் சார் மறுநாளே கிளம்பலாம் என்றார். ஜீப்பில் மைக்ராஸ்கோப், வெந்நீர்ப் பை, குழாய்கள், பிளாஸ்கில் வெந்நீர் எல்லாம் ஏற்றிக்கொண்டோம்.

காளையை முதலில் பார்த்தபோது யாரோ ஒரு வைக்கோல் போருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். போர் அசைபோட்டது. கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாகச் சதை. ஏற்கெனவே கோயில் பொங்கலில் கொழுத்த மாடு, கன்று பிறக்க வேண்டும் என்று ஊரில் ஆளாளுக்கு வேண்டுதல் வேறு. வேண்டுதல் என்றால் காளைக்குச் சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், தேங்காய். பலிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் பொங்கலில் நெய்யைக் கூட்டுவார்கள். நாங்கள் போன நேரத்தில்கூட ஒரு வீட்டுக்காரர் குண்டாவோடு வந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

காளையைப் பராமரிப்பது பரம்பரையாகப் பாவாயம்மாள் வீட்டு உரிமை. கணவர் இல்லாத, கறாரான அம்மாள். ஒரே மகன் சண்முகம், ரிக் வண்டியில் ட்ரில்லர். வடக்கே சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராக போர்வெல் போடும் வேலை. மழைக்காலத்தில் அங்கே வண்டி ஓடாது என்பதால் வருஷத்தில் அந்தச் சில வாரங்கள் மட்டும் வீட்டுக்கு வருவான். நாங்கள் போன அன்று அவன் ஊரில்தான் இருந்தான். மஞ்சள் வேட்டி கட்டி, கழுத்தில் மாலை போட்டு, கோயில் மண்டபத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி பூங்கொடிதான் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் மஞ்சள் சேலையில் இருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டரம்மா, காளைக்குக் கொறை இருந்தாத் தெரிஞ்சிருமுங்களா?"

"தெரியும் கண்ணு. எதுக்குக் கேக்கற?"

"கொறை இருக்குதுன்னு வந்தா நாந் தப்பிச்சனுங்க. இல்லீன்னு வந்தா கோயல் நோம்பி முடிஞ்சதும் என்னையத் தாய் ஊட்டுக்கு அனுப்பிப் போடுவாங்க. எடப்பாடிப் பக்கம் எங்க ஊட்டுக்காரருக்கு வேற பொண்ணு பாத்துட்டாங்க." சொல்லிவிட்டு, "மோருக்கு உப்புப் போதுமுங்களா?" என்று கேட்டாள். நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

சாரிடம் போய்ச் சொன்னேன். "நம்ம வேலை ஐயாவோட" என்றார். ஆனால் அன்றைக்கு வெந்நீரில் இரண்டு முழங்கையையும் விட்டுப் பார்த்தார்.

காளையைத் தொடுவதற்கு முன்னால் அம்மனிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்றார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. மஞ்சள் தண்ணீரைப் பிராணியின் முதுகில் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், அதாவது துளுக்கினால், அம்மன் சரி என்கிறாள் என்று அர்த்தம். கிடாய் என்றால் உடனே உதறும். இந்தக் காளையோ கொழுப்பின் மேல் தண்ணீர் விழுந்ததைச் சுகமாக அனுபவித்தது. அடுத்த சொம்பு, அடுத்த குடம் என்று ஊற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டது. ஊர் முழுக்கக் கைகூப்பி நின்றது. வெந்நீர் ஆறியது. சார் மறுபடி காய்ச்சச் சொன்னார். கடைசியில் பொங்கலுக்கு வந்த ஈ ஒன்று அதன் காதுக்குள் புகுந்தது. காளை ஒரு சிலுப்பு சிலுப்பியது.

"துளுக்கிருச்சு!" என்று ஊரே கத்தியது. மாரப்பன் சார் அதைவிடச் சத்தமாக, "ஐயா ஒத்துக்கிட்டாங்க!" என்றார்.

பழக்கமில்லாத காளை ரப்பர்க் குழாய்க்கு ஒத்துழைக்காது. அதனால் வேறு முறை. நீளக் கையுறை போட்டு, தோள்வரை கையைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, சுரப்பிகளை மெல்ல நீவிக் கொடுக்க வேண்டும். கீழே ஒருவர் புனலையும் குழாயையும் பிடித்திருக்க வேண்டும். என் கை ஒல்லி என்பதால் உள்ளே விடுவது எப்போதும் நான். புனல் சார். நான் கையுறை மாட்டியதும் ஊர்க்கவுண்டர் முகம் வெளுத்தது.

"ஏனுங்க, பொம்பள கையிங்களா?"

"சின்னக் கைங்க" என்றார் சார். "அவிங்களுக்கு நோவாது."

அம்மன் காளைக்கு நோகவில்லை. நீவ நீவப் பொங்கல் செரித்த சுகத்தில் ஒரு பெருமூச்சு விட்டது. கொஞ்ச நேரத்தில் புனலில் பொருள் சேர்ந்தது. ஒரு சொட்டைச் சூடான சில்லில் வைத்து, மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பிக் கண்ணை வைத்தேன். மனதுக்குள் ஒரு வேண்டுதல் ஓடியது. செத்துக் கிடக்க வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சியாளர் வேண்டிக்கொள்ளக் கூடாது. வேண்டிக்கொண்டேன்.

திருவிழாக் கூட்டம் போல இருந்தது. அலை அலையாகச் சுழன்றுகொண்டிருந்தன. அவ்வளவு வீரியமான மாதிரியை ஆய்வகத்தில்கூட அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சில்லை மாற்றிப் பார்த்தேன். மறுபடி திருவிழா. சார் பார்த்தார். ஊர்க்கவுண்டர் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். "அட, சந்தக் கூட்டமாட்ட ஓடுதுங்களே!" என்று கூவினார். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். சிலர் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "சாமிக்கு ஒண்ணுமில்லை" என்ற செய்தி கோயிலைத் தாண்டிப் போயிற்று. யாரோ பொங்கலுக்கு அடுப்பு மூட்டினார்கள்.

பாவாயம்மாள் மட்டும் மைக்ராஸ்கோப் பக்கம் வரவில்லை. அவர் திரும்பி மருமகளைப் பார்த்தார். பூங்கொடி மோர்ச் சொம்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் காளையின்மேல், அந்த ஊரின்மேல், எல்லாவற்றையும்விடச் சரியாக வேலை செய்த என் மைக்ராஸ்கோப்பின்மேல்.

பசு நன்றாக இருக்கிறது. காளை நன்றாக இருக்கிறது. கன்று இல்லை. இப்படி ஒரு கணக்கு என் அறிவியலில் கிடையாது. "ஊருக்குள்ள எந்தப் பசுவாவது இப்ப காளைக்குக் கத்துதுங்களா?" என்று கேட்டேன். ஊர்க்கவுண்டர் வீட்டுப் பசுவே காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. பிடித்து வரச் சொன்னேன். "காளைய அது முன்னால உடுங்க. நாம் பாக்கோணும்."

"பாக்கப்படாதுங்க" என்றார் அவர்.

"என்னது?"

"சாமி சேரும்போது யாரும் பாக்கப்படாதுங்க. எல்லாரும் முதுகக் காட்டித் திரும்பி நிப்போம். நாங் கோயல் மணி அடிப்பேன். மணி நின்னாக் காரியம் முடிஞ்சுதுங்க."

"மணிய எப்ப நிறுத்துவீங்க?"

"கை வலிச்சா நிறுத்துவனுங்க."

பசுவைக் கொண்டுவந்து கட்டினார்கள். காளையை அவிழ்த்துவிட்டார்கள். ஊர்க்கவுண்டர் மணியடிக்கத் தொடங்கியதும் ஆண், பெண், கிழம், குழந்தை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி நின்றார்கள். சாரும் திரும்பி நின்றார். அவருக்கு இதுவரை அமைந்த ஊர்களிலேயே மிகவும் பிடித்த ஊர் இதுவாகத்தான் இருந்திருக்கும். நான் ஒருத்திதான் திரும்பவில்லை. நான் பார்ப்பதைப் பார்க்க யாரும் இல்லாததால் என்னை யாரும் தடுக்கவும் இல்லை.

காளை ஆடி அசைந்து பசுவின் பின்னால் வந்தது. மோந்து பார்த்தது. உதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தது. ஆசைக்குக் குறைவில்லை. முன்னங்கால்களைத் தூக்க ஒரு முயற்சி செய்தது. வயிறு வரவில்லை. இன்னொரு முயற்சி. மூச்சு வாங்கியது. பிறகு தாடையைப் பசுவின் இடுப்பின்மேல் சாய்த்தது. கண் செருகியது. தூங்கிவிட்டது. பசு திரும்பிப் பார்த்துவிட்டுப் புல் மேயத் தொடங்கியது. மணி கணகணவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஊர் பக்தியோடு முதுகைக் காட்டி நின்றது. அடுப்பில் அடுத்த பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது.

சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சார், திரும்பிப் பாருங்க."

"ஏய், சும்மா இரு."

"சார், ஐயா தூங்கறாங்க."

அந்த ஒரு வார்த்தையில் சார் திரும்பினார். அவர் அந்தக் காட்சியைக் கூரையில்லாத இடத்தில் நேருக்கு நேர் பார்த்த முதல் தடவை அது. பார்க்க ஒன்றும் இல்லாமல் போனதும் அன்றுதான்.

மணி நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். அதற்குள் காளை விழித்துக்கொண்டு யோக்கியமாக நின்றது. "முடிஞ்சுதுங்க" என்றார் ஊர்க்கவுண்டர். மாரப்பன் சார் கோயில் படியில் ஏறி நின்றார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்ததை நான் பார்த்தேன். சொல்ல வேண்டிய சொற்கள் எதையும் வாழ்நாளில் சொல்லிப் பழகாதவர்.

"ஐயாவோட பொருள்ல ஒரு கொறையும் இல்லீங்க" என்று தொடங்கினார். "ஆனா ஐயா... மேல ஏறலீங்க. ஏற முடியறதில்லீங்க. உங்க பொங்கல் அப்பிடி. அவிங்க தலையச் சாச்சு வெச்சுத் தூங்கிட்டாங்க. நீங்க மணியடிச்சுத் தாலாட்டிருக்கறீங்க. இத்தன வருசமும் இதேதான் நடந்திருக்கோணும். யாரும் பாக்கலை. அவ்வளவுதானுங்க. பொங்கல நிறுத்தி, காலையில சாயந்தரம் நடக்க உடுங்க. கன்னு வரும்."

ஊர்க்கவுண்டர் கையிலிருந்த மணிக் கயிற்றைப் பார்த்தார். பொங்கல் குண்டாக்காரர் குண்டாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பூங்கொடி. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"என்ன புள்ள இளிப்பு?" என்றார் பாவாயம்மாள்.

பூங்கொடி எழுந்து நின்றாள். மாமியாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"டாக்டரம்மா, இதே மாதிரி எங்களையும் யாராச்சும் திரும்பிப் பாத்திருக்கலாமுங்க. கண்ணாலத்தன்னைக்கு நாள் சரியில்லீன்னு ஜோசியரு தள்ளி வெச்சாரு. அதுக்குள்ள ரிக் வண்டி கெளம்பிருச்சு. அடுத்த மழைக்கு வந்தாரு. வந்தது ஆடி மாசம். புதுப்பொண்ணு ஆகாதுன்னு என்னையத் தாய் ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் வருசா வருசம் அவரு பஸ்ஸ உட்டு எறங்கறதுக்குள்ள கழுத்துல மால. புள்ள வரத்துக்கு விரதம். விரதம்னா ஒதுங்கித்தான படுக்கோணும். அவரு கோயல்ல படுக்கறாரு, நான் ஊட்டுல படுக்கறேன். வண்டி கெளம்பற அன்னைக்கு மாலையக் கழட்டறாரு. நாங்க ரண்டு பேரும் ஒரு ஊட்டுல படுத்து எந்திரிச்சத எண்ணுனா என்ர ஒரு கை வெரலே மிச்சங்க. நான் மலடியான்னு எனக்கே தெரியாதுங்க."

ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மாரப்பன் சார் வானத்தைப் பார்த்தார். நான் பாவாயம்மாளைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் அந்த அம்மாளை வெறுத்துக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் அது போன இடம் தெரியவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

"ஏண்டா" என்றார் மகனிடம். "நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லப்படாதாடா?"

சண்முகம் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீதானம்மா போடச் சொன்ன. உனக்குப் பேரன் வேணும்னு சொன்ன" என்றான்.

பாவாயம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா, நாந்தான்" என்றார். "வேணும் வேணும்னு நானே குறுக்கால படுத்துக் கெடந்திருக்கறேன்." யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. மாட்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும் என்பதால் மைக்ராஸ்கோப்பைத் துடைத்தேன்.

பூங்கொடி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "எந்திரிங்கத்தே. துணியெல்லாம் சேறாவுது. ஊட்டுக்குப் போலாம்" என்று கையைக் கொடுத்தாள்.

பாவாயம்மாள் அந்தக் கையைப் பிடித்து எழுந்தார். மகன் அருகே போய் அவன் கழுத்து மாலையைக் கழற்றினார். கண்ணில் ஒற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். மண்டபத்தில் சுருட்டி வைத்திருந்த அவன் பாயை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"விரதத்த நாம் பாத்துக்கறேன்" என்றார். "நான் இங்க கோயல்லயே படுத்துக்கறேன். நீங்க ரண்டு பேரும் ஊட்டுக்குப் போங்க, சாமி."